சங்கு வயசு

செங்குளம் என்று ஓர் ஊர். மேற்கே மலை, கிழக்கே விசைத்தறிச் சத்தம், இரண்டுக்கும் நடுவே ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு பெஞ்சு, அந்த பெஞ்சில் முப்பத்தோரு வருடம் தேயத் தேய உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். கோமதிநாயகம் என்று பேர். திருநெல்வேலியில் அச்சாகி, சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும் 'மாலைச்சங்கு' பத்திரிகையின் குற்றச் செய்தியாளர். ஊரில் ஒரு கோழி காணாமல் போனாலும், அதை அவர் எழுதிச் சங்கில் வரும்வரை, எங்கேயோ மேயப் போயிருக்கிறது என்றுதான் சனங்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் தொழில் செய்த விதம் சுலபமானது. காலை பதினொரு மணிக்குப் பெஞ்சில் வந்து உட்காருவார். ஸ்டேஷன் எழுத்தர் வாயில் வெற்றிலையோடு பேர், தகப்பன் பேர், தெரு, செய்த காரியம் என்று மடமடவென்று வாசித்துவிட்டுப் போவார். இவர் எதிரே இருக்கும் டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து திருநெல்வேலி அலுவலகத்துக்கு அதை அப்படியே சொல்லுவார். நடந்த இடத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. எழுதின ஆளை அப்புறம் போய்ப் பார்க்கிற வழக்கம் சுத்தமாக இல்லை. போனின் மறுமுனையில் செய்தி ஆசிரியர் சேர்மக்கனி எழுதிக்கொண்டே வந்து, ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் நிறுத்தி, "வயசு?" என்பார். எழுத்தர் வயதை வாசித்ததே கிடையாது. முதல் தடவை கோமதிநாயகம் அதைச் சொன்னபோது சேர்மக்கனி சொன்ன பதில் பிரசித்தம்: "பேருக்குப் பின்னால அடைப்புக்குள்ள வயசு இல்லைன்னா அது செய்தி இல்ல வே, வதந்தி."

அன்றைக்குப் பிடித்துக் கோமதிநாயகம் வயதைத் தானே போட ஆரம்பித்தார். கொலைகாரன் என்றால் முப்பத்தைந்து. சங்கிலியைப் பறிகொடுத்தவள் நாற்பது. சீட்டுப் போட்டு ஏமாந்தவர் நாற்பத்தைந்து, திருடன் இருபத்துமூன்று, அடித்த மருமகள் இருபத்தெட்டு, அடிபட்ட மாமியார் அறுபது. காரியத்தை வைத்து மட்டுக்கட்ட முடியாவிட்டால் பேரை வைத்துப் போடுவார். ரமேஷ் என்றால் முப்பதுக்கு உள்ளே, ராக்கப்பன் என்றால் அறுபதுக்கு வெளியே. ஒரு நொடி தயங்க மாட்டார். முப்பத்தோரு வருடத்தில் அவர் எழுதிய செய்திக்கு ஒரு மறுப்பு, ஒரு திருத்தம், ஒரு 'வருந்துகிறோம்' வந்ததில்லை. இதை அவர் தன் கல்யாணத் தேதியை விடச் சரியாக ஞாபகம் வைத்திருந்தார். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் இதைத்தான் முதலில் சொல்லுவார்.

ஓய்வு பெற்ற மறு மாதம் சென்னையிலிருந்து மகிழ்நன் என்ற பதிப்பாளர் போன் செய்தார். இப்போது சனங்கள் கதையை விட நிஜக் குற்றத்தைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள் என்றும், 'உண்மைக் குற்றங்கள்' என்று ஒரு வரிசை கொண்டுவருவதாகவும், செங்குளத்துக்கு அய்யாவை விட்டால் ஆளில்லை என்றும் சொன்னார். கோமதிநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் 'இன்று அவர்கள் எங்கே?' என்று அரைப்பக்கம் வேண்டும். அதற்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

தன் செய்திகள் வந்த பழைய வெட்டுத்தாள்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, முதலாவதாகக் கம்மாக்கரைத் தெருவுக்குப் போனார். 'அகப்பையால் மாமியார் மண்டையை உடைத்த மருமகள்', முப்பது வருடத்துக்கு முந்தைய செய்தி. கதவைத் திறந்த பெண்ணுக்கு முகத்தில் ஒரு கோடு கிடையாது.

"அம்மா இருக்காவளா தாயி? பேச்சியம்மாள்னு."

"நாந்தான் அண்ணாச்சி பேச்சி. உள்ள வாங்க."

அவர் வெட்டுத்தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வெட்டுத்தாளைப் பார்த்தார். பேச்சியம்மாள் (28) என்றிருந்தது.

"என்ன அண்ணாச்சி புதுசாப் பாக்கியா? நீங்கதான போட்டிய இருவத்தெட்டுன்னு. அன்னிக்கு நின்னது, நிக்கேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "எத்தே, சங்கு அண்ணாச்சி வந்திருக்காவ." அறையிலிருந்து ஒரு இருமல் வந்தது. "அது எங்க மாமியா. அன்னிக்கு நாப்பத்தெட்டுதான் அவளுக்கு, நீங்க அறுவதுன்னு போட்டிய. அதுலயே நிக்கா. நானும் எளைக்க மாட்டேங்கேன், அவளும் எளைக்க மாட்டேங்கா. சண்டை மட்டும் புதுசு புதுசா நடக்கு."

கோமதிநாயகம் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. வாசலுக்குப் போய்த் தெருவைக் கூப்பிட்டாள். "ஏட்டி, எல்லாரும் வாங்க. அண்ணாச்சிக்கு இது தெரியாதாம்." தெரு மொத்தமும் வந்து நின்று சிரித்தது. ஊர்க் குற்றத்தையெல்லாம் முதலில் தெரிந்துகொண்ட மனிதர், ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றைக் கடைசியாகத் தெரிந்துகொண்டார். வீட்டில் மனைவி உலகம்மாளிடம் சொன்னபோது அவளும் அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா இருந்தேன். ஊர்ல எத்தனை பொம்பளை கழுத்துச் சங்கிலி அறுந்துச்சு, என் சங்கிலியை ஒரு பய தொட்டானா?" என்றாள். குரலில் முப்பது வருட வருத்தம் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஐந்து மணி பஸ் வந்து, கட்டைப் பிரித்து, முதல் பிரதியை ஒருவர் கையில் விரித்த அந்த நிமிடத்தில், குற்றச் செய்தியில் யார் பேருக்குப் பின்னால் என்ன வயது இருக்கிறதோ அந்த வயதுக்கு அவர் வந்து சேர்ந்து, அங்கேயே நின்றுவிடுவார். செத்தவர்களுக்கு மட்டும் அது பலிக்கவில்லை. ஏன், எதற்கு என்று செங்குளத்துக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை ஏன் மலையில் பெய்து ஊரில் பெய்வதில்லை என்று கேட்கிறோமா என்ன. அவர்கள் அதற்கு 'சங்கு வயசு' என்று பேர் வைத்து, அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதக வயது எவ்வளவு, சங்கு வயசு எவ்வளவு என்று இரண்டையும் கேட்டார்கள். சோசியர் கிரகத்துக்கு ஒரு கட்டம், சங்குக்கு ஒரு கட்டம் என்று போட்டார். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் செங்குளம் என்றாலே பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் சங்கிலியைக் கழற்றி அரிசிப்பானைக்குள் போட்டுவிட்டு, பறிகொடுத்ததாக ஸ்டேஷனில் வந்து அழுதார்கள். நாற்பது கிடைத்த மறுநாள் சங்கிலியும் கிடைத்துவிடும். மாற்றலாகி வந்த ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும், இந்த ஊர்த் திருடன் மட்டும் இவ்வளவு நேர்மையாக இருக்கிறானே என்று குழம்பிப் போனார்.

ஒருமுறை கவுன்சிலர் ஒருவர் அதற்காகவே சாலை மறியல் நடத்தி, நாற்பத்திரண்டு பேரோடு கைதானார். கவுன்சிலருக்கு வயது கிடைத்தது. மற்றவர்களைக் கோமதிநாயகம் 'உள்ளிட்ட 43 பேர்' என்று ஒரே வீச்சில் முடித்துவிட்டார். அந்த நாற்பத்திரண்டு பேரும் அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடவில்லை.

இப்போதுதான் கோமதிநாயகத்துக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. டீக்கடையில் ஏன் பாலேடு போட்டுக் கொடுத்தார்கள், ஸ்டேஷன் வாசலில் பெண்கள் ஏன் "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று கும்பிட்டார்கள், எல்லாம். தன் எழுத்துக்கு மரியாதை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். கொஞ்சம் வலித்தது. ஆனாலும் மனிதர் மனிதர்தானே. ஊருக்கே இளமையைப் பங்கு வைத்திருக்கிறோம் என்ற நினைப்பு இரண்டு நாளில் அந்த வலியை ஆற்றிவிட்டது. மூன்றாம் நாள் பேச்சி வீட்டுக் குறிப்பை முடிக்கப் போனபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே போனார்.

பேச்சி காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள். "எல்லாருக்கும் நல்லதுதான் அண்ணாச்சி செஞ்சிய. அந்தத் தவசிக்கண்ணு ஒருத்தருக்குத்தான் அநியாயமாப் போச்சு."

அந்தப் பேர் அவருக்கு ஞாபகமில்லை. பையைத் துழாவி எடுத்தார். 'அம்மன் கொடைக்கு நேர்ந்த கிடாவைத் திருடிய தவசிக்கண்ணு (72) கைது.' இருபத்தாறு வருடம் முந்தியது. அதைப் பார்த்ததும் அன்றைய நாள் முழுக்க ஞாபகம் வந்தது. கோயில் கொடைத் திருவிழாச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பூத்துக்குள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். சேர்மக்கனி வயசு கேட்டார். திருடனுக்கு இருபத்துமூன்றுதான் கணக்கு, ஆனால் தவசிக்கண்ணு என்று பேரை வைத்துக்கொண்டு எவனாவது இளவட்டமாக இருப்பானா என்று இவர் எழுபத்திரண்டு என்றார். அவன் இருபத்தேழு வயதுத் தறிக்காரன் என்பதும், தாத்தாவின் பேரைச் சுமந்தவன் என்பதும், ஸ்டேஷனில் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கிடா மத்தியானமே தானாகக் கோயிலுக்கு நடந்து வந்துவிட்டது, அவனையும் விட்டுவிட்டார்கள். செய்தி அதற்குள் போய்விட்டது.

தவசிக்கண்ணுவின் வீட்டுக்குப் போனபோது கிழவர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் தோல் பாதி, வெங்காயம் பாதி போனது. தறியில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த அவர் மனைவி செண்பகவடிவு, ஐம்பதை நெருங்கும் பெண், வந்தவரை யாரென்று பார்த்தாள். பார்த்துவிட்டு உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு எங்களுக்கு நிச்சயம் முடிஞ்சு எட்டு நாளு," என்றாள். "இவிய கோயில் முக்குல முடிவெட்டிட்டு இருந்தாவ. அஞ்சு மணிக்கு நாசுவர் கையிலேயே தலை நரைச்சுப் போச்சு. எங்க அப்பா கல்யாணத்தை நிறுத்தப் பாத்தாரு. நான் நிறுத்தல. அன்னையிலருந்து பஸ்ஸுல போனா தாத்தாவும் பேத்தியும்னாவ. ஆசுபத்திரில பிள்ளைப்பேறுக்குப் போனப்போ, அப்பாவை வெளிய இருக்கச் சொல்லுன்னாவ. இப்பம் கொஞ்ச வருசமா அப்பாவும் மகளும்ங்காவ. நான் இவியளைத் துரத்திப் பிடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி. இன்னும் இருவது வருசத்துல எனக்கும் எழுவது ஆயிரும். அதுக்கு அப்புறம் நான் தாண்டிப் போயிருவேன். இவிய இங்கனயே நிப்பாவ."

கோமதிநாயகத்துக்கு முதன்முறையாக, தான் எழுதிய ஒரு எண்ணை நினைத்து வெட்கமாக இருந்தது. புத்தகம் வருகிறது என்றும், அதில் மாற்றிப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். "இருவத்தேழுன்னே போட்டுருதேன். போனது திரும்பி வந்துரும்."

கிழவரின் கை ஒரு நிமிடம் நின்றது. அந்த ஒரு நிமிடம் அவர் ஆசைப்பட்டார் என்பதை யார் பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அப்புறம் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"வேண்டாம். இருவத்தேழு போட்டா, இவளை எல்லாரும் எங்க அம்மாம்பாவ. இவ பட்டது போதும்."

"அப்ப அம்பத்துமூணு போடட்டா? அதான நெசம்."

"அது இந்த வருசத்துக்கு நெசம்," என்றாள் செண்பகவடிவு. "அடுத்த வருசம் எனக்கு ஒண்ணு கூடும், இவியளுக்குக் கூடாது. எதைப் போட்டாலும் ஆணி அடிச்ச மாதிரிதான. வயசே போடாதிய. பேரை மட்டும் போடுங்க. எனக்கு ஒரு வருசம் ஆனா அவியளுக்கும் ஒரு வருசம் ஆகணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதுக்கென்ன, பேரை மட்டும் போட்டுருவோம்," என்று எழுந்தவரை அவள் மறித்தாள்.

"அது மட்டும் பத்தாதுல்லா. பேச்சியக்கா தண்ணிக்குக் குடத்தோட மறியல் பண்ணுனப்போ வயசில்லாம ஒருக்கா போட்டிய. அவ இருவத்தெட்டை விட்டு அசையலயே. முன்னால போட்டது தப்புன்னும் போடணும். விசாரிக்காமப் போட்டேன்னு போடணும். நீங்க ஒருநாளும் அப்படிப் போட்டதில்ல, அதனாலதான் இந்த ஊர்ல யாருக்கும் கழலல."

வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் கோமதிநாயகம் அந்த ஒரு வரியைத்தான் சுமந்துகொண்டு போனார். முப்பத்தோரு வருடம், ஒரு திருத்தம் கிடையாது. மனிதர் சேர்த்து வைத்த சொத்து அது ஒன்றுதான். போனில் மகிழ்நனிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார்.

"சார், ஒரு வயசு கற்பனைன்னா எல்லா வயசும் கற்பனைன்னு ஆகும். வயசு கற்பனைன்னா கொலையும் கற்பனையாம்பாங்க. அப்புறம் 'உண்மைக் குற்றங்கள்'னு அட்டையில எப்படிப் போடுறது? அந்தக் கிடாத் திருட்டை விட்டுருங்களேன். சின்ன கேஸ்தானே."

சின்ன கேஸ்தான். விட்டுவிடலாம். இரண்டு நாள் அவர் அதை விட்டுவிட்டுத்தான் இருந்தார். இதற்குள் ஊரில் செய்தி பரவி, புத்தகத்தில் இடம் கேட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். செய்யாத குற்றங்களை எல்லாம் ஒப்புக்கொண்டார்கள். பூசாரி ஒருவர், தன் வாழ்நாளில் தான் எறும்பைக்கூட மிதித்ததில்லை என்றும், முப்பத்தைந்து கிடைக்கும் என்றால் இரண்டு கொலை வரை ஏற்றுக்கொள்ளத் தயார் என்றும் சொன்னார். கோமதிநாயகத்துக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க, வெங்காயத்தை எடுத்த அந்தக் கைதான் கண்ணில் நின்றது. மூன்றாம் நாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

அவருக்குத் தெரிந்த நடை ஒன்றுதான், அதிலேயே எழுதினார். 'செங்குளத்தைச் சேர்ந்த தறித் தொழிலாளி தவசிக்கண்ணு கிடா திருடவில்லை. அவருடைய வயது 72 என்று வெளியான செய்தி தவறு. அதை விசாரிக்காமல், பேரை மட்டும் வைத்து ஊகித்து எழுதியவர் கோமதிநாயகம்.' எழுதிவிட்டுப் பார்த்தார். குற்றவாளியின் பேருக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. சேர்மக்கனி காதுக்குள் வந்து, "வயசு?" என்றார்.

கை தானாக முப்பத்தைந்துக்குத்தான் போனது. அதைப் பிடித்து நிறுத்தி, இந்த ஒன்றையாவது விசாரித்துப் போடுவோம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்தார். பிறந்த தேதி ஜூன் ஒன்று. அவரோடு படித்த அத்தனை பேருக்கும் ஜூன் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர், கையைத் தலைக்கு மேலே சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார், பையன் தொட்டான், ஐந்து வயது என்று போட்டுவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், புயல் அடித்த வருடம் என்பதற்கு மேல் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. கோமதிநாயகம் பெட்டியருகிலேயே உட்கார்ந்து, நெடுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பேருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்.

திருத்தம் முதல் பக்கத்தில் வராவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று அவர் சொன்னதில் மகிழ்நன் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் அட்டையிலிருந்து 'உண்மை'யை எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார். பேச்சிக்குச் சேதி சொன்னபோது, தன் வயதையும் எடுத்துவிடத்தான் வேண்டும் என்றாள்; மகளுக்கும் தனக்கும் இப்போது ஒரே வயதாகிவிட்டது, பார்க்க நன்றாக இல்லை. "ஆனா அவளுக்கு இது ஏழாம் மாசம் அண்ணாச்சி. பேறுகாலம் பாக்கத் தெம்பு வேணும்லா. ரெண்டாம் பதிப்புல எடுத்துருங்க." கோமதிநாயகம் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டாம் பதிப்பு வரும் என்று அவரை நம்பிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

புத்தகக் கட்டும் அதே ஐந்து மணி பஸ்ஸில்தான் வந்து இறங்கியது. முதல் பிரதியைக் கோமதிநாயகமே பிரித்தார். அரை மணி கழித்துத் தவசிக்கண்ணு பஸ் ஸ்டாண்டு வரை தானே நடந்து வந்தார். மீசையில் பாதி கறுத்திருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் கோமதிநாயகம் வாயைத் திறந்தார், புத்தகத்தை நீட்டத்தான் முடிந்தது. புத்தகம் ஓரளவு விற்றது என்றும், கடைகளில் அதை நாவல் அலமாரியில் வைத்தார்கள் என்றும் பின்னால் கேள்விப்பட்டார். முன்பென்றால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தென்காசி பஸ்ஸில் கோமதிநாயகம் ஏறியபோது, முன்னால் முதியோர் இருக்கையில் தவசிக்கண்ணு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடப் பழக்கம், கால் தானாக அங்கேதான் போயிருக்கிறது. பக்கத்து இருக்கையில் செண்பகவடிவு. புதிதாக வந்த கண்டக்டர் ஆளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்த கோமதிநாயகத்தைப் பார்த்தார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போலிருக்கிறது.

"அண்ணாச்சி, நீங்கதான் பேரைச் சொன்னா வயசு சொல்லிருவியளாம்லா. இவியளுக்கு அறுவது ஆயிருக்குமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எனக்குத் தெரியாதுப்பா," என்றார் கோமதிநாயகம். "அவர்ட்டயே கேளு."

கண்டக்டர் கேட்டார்.

"அம்பத்துமூணு," என்றார் தவசிக்கண்ணு, பின் சீட்டு வரை கேட்கும்படியாக. "ஆடி பொறந்தா அம்பத்துநாலு."

"அப்பம் எந்திரிங்க அண்ணாச்சி. இது வயசானவியளுக்கு உள்ள எடம்."

தவசிக்கண்ணு எழுந்து, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, தென்காசி வரை நின்றுகொண்டே போனார். வழியில் இரண்டு பேர் இறங்கி இடம் காலியானது. செண்பகவடிவு உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை.